என் மெஷின்ல எங்கடா துரு?

போன மாதம் ஒரு தம்பி தன் கட்டுரையை அனுப்பியிருந்தான். திருப்பூர்ப் பையன். நான் படித்த அதே பாலிடெக்னிக், எனக்குப் பல வருடம் பின்னால். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இளநிலைப் பொறியியல் விண்ணப்பிக்கிறான். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் கட்டுரைக்கு 650 வார்த்தைதான் எல்லை, அவனுடையது 648. முதல் வரி இப்படி: "என் அப்பா சாயப்பட்டறையில் ஒரு கூலித் தொழிலாளி. சாயம் படிந்த அவருடைய கைகளைப் பார்த்துத்தான் நான் கனவு காணக் கற்றுக்கொண்டேன்." எழுதியது ஆங்கிலத்தில், நான் தமிழில் சொல்கிறேன். ஒரு இலக்கணப் பிழை கிடையாது. கீழே, "எப்படி இருக்குதுங்கண்ணா?" என்று கேட்டிருந்தான்.

நன்றாகத்தான் இருந்தது. படித்ததும் தொண்டையில் ஏதோ அடைத்தது, அதுவும் உண்மை. ஆனால் மூன்று நாள் என்னால் பதில் போட முடியவில்லை. ஏனென்றால் 2018-இல் நானும் இதே வரியைத்தான் எழுதினேன். சாயம் இருக்கும் இடத்தில் என்னுடையதில் துரு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் துருவை நான் எடுத்துவிட்டேன். எடுத்தது சரியா தவறா என்று ஏழு வருடமாக எனக்கு முடிவாகத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை இன்னொருவனுக்கு எப்படிச் சொல்வது?

கட்டத்துக்குள் அடங்காத மூன்று வருடம்

பத்தாம் வகுப்பில் 500-க்கு 451. கோவை கணபதியில் எங்கள் தெருவில் அந்த மார்க்குக்கு ப்ளஸ் ஒன்னில் பயாலஜி குரூப் எடுக்கச் சொல்வார்கள். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் சேர்ந்தேன். அப்பாவுக்கு மூன்று லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் உள்ள பட்டறை. பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுக்கும் ஜாப் ஆர்டர் வேலை. அந்தச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு டிப்ளமோ இயல்பாகத்தான் பட்டது. மூன்று வருடம் முடித்தால் லேட்டரல் என்ட்ரி, காரைக்குடி கவுன்சலிங், நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு. கோவையில் ஆயிரம் பேர் போன பாதை. நானும் போயிருப்பேன். ஆனால் நான் படிப்பை முடித்த 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தது. ஜாப் ஆர்டருக்கு 18 சதவீதம். அதற்கு முந்தைய நவம்பரில்தான் ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போயிருந்தன. ஆர்டர் பாதியானது, அப்பாவிடம் வேலை பார்த்த இரண்டு அண்ணன்கள் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கவுன்சலிங்குக்குப் போகாமல் அவர்கள் இடத்தில் நான் நின்றேன். ஒரு வருடம் என்று நினைத்து நின்றது, பிறகு இரண்டாகிவிட்டது.

அமெரிக்கா அதற்குள் எப்படி வந்தது என்பது பெரிய கதையில்லை. அங்கே உள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அல்லவா, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்ப்பேன். அங்கிருந்து ஒரு நாள் அதன் சேர்க்கைப் பக்கத்துக்குள் போய்விட்டேன். வெளிநாட்டு மாணவனாக இருந்தாலும் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் தேர்ந்தெடுப்போம், சேர்ந்தபிறகு தேவைப்படும் முழுத் தொகையையும் கொடுப்போம் என்று எழுதியிருந்தது. ஏதோ மோசடி என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது அப்படிச் சொன்ன கல்லூரிகள் ஐந்து: எம்.ஐ.டி., ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹர்ஸ்ட். பிறகு டார்ட்மத், போடன், பிரவுன் எல்லாம் சேர்ந்துகொண்டன. இன்னும் பல சிறிய கல்லூரிகள் பணத்தைப் பார்ப்பார்கள். ஆனால் எடுத்துக்கொண்டால் முழுதாகக் கொடுப்பார்கள். பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில்தான் நம்மைப் போன்றவர்களுக்கு அநேகமாக ஒன்றும் கிடைக்காது. எம்.எஸ். படிக்கப் போகிற நம் ஆட்களுக்குப் பழகிய பெயர்கள் எல்லாம் அந்தப் பல்கலைக்கழகங்கள்தான். அதனால் இந்தச் சின்னக் கல்லூரிகளை எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

ஆசை வந்துவிட்டது. படிவத்தைத் திறந்தால் நான் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, சரி. பதினொன்று? பன்னிரண்டு? என்னிடம் இருந்தது ஆறு செமஸ்டர் டிப்ளமோ. அது பள்ளிப் படிப்பா, கல்லூரிப் படிப்பா? பள்ளி என்றால் நான் முதலாண்டு மாணவன். கல்லூரி என்றால் இடையில் மாறி வருகிறவன்; இடையில் மாறி வருகிற வெளிநாட்டானுக்கு உதவித்தொகை பெரும்பாலான இடங்களில் சொற்பம், சில இடங்களில் கிடையவே கிடையாது. ஒரு சொல்லில் என் மொத்தப் பணமும் தொங்கியது. பதினோரு கல்லூரிகளுக்கு மெயில் போட்டேன். சிலர் முதலாண்டு என்றார்கள், சிலர் மாறுகிறவன் என்றார்கள். ஒரு கல்லூரியில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள். முதலாண்டு என்று எழுத்தில் கொடுத்த எட்டு இடங்களை வைத்துக்கொண்டேன். தரவரிசையெல்லாம் பார்க்கவில்லை.

கட்டுரைக்கு முன்னால் தாண்டவேண்டியவை வேறு இருந்தன. அப்போது அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. பாடத் தேர்வுகள் நடப்பில் இருந்தன, எம்.ஐ.டி. கணக்கில் ஒன்று, அறிவியலில் ஒன்று கேட்டது. டிப்ளமோவில் இயற்பியல் முதல் வருடத்தோடு முடிந்துவிடும். பக்கத்து வீட்டு அக்காவின் ப்ளஸ் டூ இயற்பியல் புத்தகம் இரண்டு வால்யூமும் வாங்கி, கரிக் கறையோடு படித்தேன். அக்கா இன்னும் அந்தப் புத்தகத்தைக் கேட்கிறாள். பரிந்துரைக் கடிதம் அதைவிடக் கஷ்டம். எச்.ஓ.டி., அதாவது துறைத் தலைவர், நல்ல மனிதர். "நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். நம்மூரில் எல்லோரும் சொல்வதுதான். அவருக்குத் தெரிந்த சான்றிதழ் என்பது டி.சி.யில் 'நடத்தை: நன்று' என்று வரும் அந்த ஒற்றைச் சொல். அவர்கள் கேட்பது என்னைப் பற்றிய ஒரு சம்பவம். அவர் மேசைக்கு எதிரே நான்கு சாயங்காலம் உட்கார்ந்து, "சார், மூணாவது செமஸ்டர்ல ஹைட்ராலிக்ஸ் லேப்ல பம்பு ஓடாமப் போச்சே, ஞாபகம் இருக்குதுங்களா?" என்று எடுத்துக் கொடுத்தேன். ஞாபகம் வந்ததும் அவரே சிரித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். அதை அவர் சொல்லச் சொல்ல பிரவுசிங் சென்டரில் டைப் அடிக்க வைத்தோம்.

"உங்களுக்கு ஆக்டிவிட்டி ஒண்ணும் இல்லையே"

நகரத்தில் ஒரு ஆலோசகரிடமும் போனேன். கட்டணத்துக்கு அம்மாவின் தோடு போனது என்று எழுதினால் உருக்கமாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை, ஒரு மாத ஷாஃப்ட் பணம். அவர் கேட்ட முதல் கேள்வி, "எக்ஸ்ட்ரா கரிகுலர் என்ன பண்ணியிருக்கீங்க?" காமன் ஆப்பில் பத்து செயல்பாடுகள் போடலாம், ஒவ்வொன்றையும் 150 எழுத்துக்குள் விளக்கவேண்டும். நான் யோசித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றேன். அனாதை இல்லத்தில் பாடம் நடத்துவது, குளம் தூர்வாருவது என்று அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். மூன்று மாதத்தில் நான்கு தேற்றிவிடலாம் என்றார். பட்டறை வேலையைப் போடலாமா என்று கேட்டேன். "வேண்டாம். பதினாறு வயசிலயே மெஷின்ல நின்னேன்னு போட்டா குழந்தைத் தொழிலாளர்னு நினைச்சுக்குவாங்க" என்றார்.

பிறகு ஒரு நாள் சும்மா அந்தப் பட்டியலின் வகைகளைக் கீழே இழுத்துக்கொண்டே போனேன். நடனம், விவாதம், விளையாட்டு, ரோபோட்டிக்ஸ் எல்லாம் தாண்டி, 'குடும்பப் பொறுப்புகள்' என்று ஒன்று இருந்தது. 'வேலை, சம்பளத்துடன்' என்று இன்னொன்று. இரண்டும் அங்கேயே, எல்லோருக்கும் தெரியும்படிதான் இருந்தன. எம்.ஐ.டி. காமன் ஆப்பில் இல்லை, தனி விண்ணப்பம். அதில் நீ கையால் செய்த பொருளைப் படம் பிடித்து அனுப்பு என்று ஒரு பகுதியே உண்டு. நான் மறைக்கப் பார்த்ததை அவர்கள் பெயர் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அமெரிக்கப் படிவத்தில் எனக்குக் கட்டம் இல்லை என்று அத்தனை நாள் புலம்பியது பாதிதான் சரி. மீதிப் பாதிக்குக் கட்டம் போடாமல் இருந்தது நானும் அந்த ஆலோசகரும்தான்.

ஆனால் இதைக் கண்டுபிடித்த குஷியில்தான் நான் எதிர்ப்பக்கம் விழுந்தேன். வேலையைப் போடலாம் என்று தெரிந்ததும், அதை எவ்வளவு விற்கலாம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. இணையத்தில் ஜெயித்த கட்டுரைகள் என்று ஐம்பது படித்திருந்தேன். முதல் வரியிலேயே ஒரு காயம் இருக்கும், கடைசியில் அது ஒளியாக மாறும். எனக்கு ஒரு காயம் தேவைப்பட்டது. அப்பாவின் இடது கை மோதிர விரலில் நுனி இல்லை. நான் பிறப்பதற்கு முன்னாலேயே போனது. இருபது வருடம் அந்தக் கையால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்துவதைப் பார்த்தும் ஒருநாளும் என் கண்ணில் படாதது, அன்று முதல்முறையாகப் பட்டது. ஆலோசகரிடம் சொன்னதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டிசம்பர், இரவு ஒன்பதரை

அப்பா தினமும் பட்டறையை மூடுவதற்கு முன் அரைமணி நேரம் மெஷின் துடைப்பார். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட், ஒரு டப்பா எண்ணெய். முதலில் பிரஷ்ஷால் இரும்புச் சுருளை எல்லாம் தள்ளிவிட்டு, பெட் எனப்படும் லேத்தின் நீளமான அடித்தளத்தைத் துடைத்து, மேலே லேசாக எண்ணெய் தடவி விடுவார். அன்று நான் லேப்டாப்போடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கடைசித் தேதி ஜனவரி 1. "ராத்திரி பகலா என்னதான்டா எழுதறே, படி கேக்கலாம்" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "முப்பது வருடங்களாக என் அப்பா துருப்பிடித்த ஒரு பழைய இயந்திரத்தின் முன்னால் நிற்கிறார். அந்த இயந்திரம் அவருடைய விரலைத் தின்றது. அவருடைய கனவையும் தின்றது."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"துருவா?"

"சும்மா ஒரு இதுக்குப்பா..."

"என் மெஷின்ல எங்கடா துரு? காட்டு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அணைத்திருந்த ட்யூப்லைட்டைத் திரும்பப் போட்டார். என் கையைப் பிடித்து, பெட் மேல் விரலை வைத்து இழுத்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வழுக்கிக்கொண்டு போனது. விரலில் எண்ணெய், அவ்வளவுதான். பெட் மேல் நகரும் சேடிலுக்கு அடியில் கூட விட்டார். "தினம் ஓடற மெஷின்ல துரு புடிக்குமாடா? சும்மா நின்னாத்தான் புடிக்கும்" என்றார். பழசு என்று எழுதியிருக்கிறாயே, பழசுதான், ஆனால் என்ன பழசு என்று எழுதினாயா என்று அடுத்த கேள்வி. அது மைசூர் கிர்லோஸ்கர், ஹரிஹரில் செய்தது. 1996-இல் மூடிப்போன ஒரு மில்லின் ஒர்க்ஷாப்பில் ஏலத்தில் எடுத்தது. புதிதாக ஒரு பட்டாலா லேத் வாங்கியிருக்கலாம், அதற்கும் மேலே காசு போட்டு இதை எடுத்தேன், இன்றைக்கும் இருபது மைக்ரானுக்குள் கடையும் என்றார். அதை எல்லாம் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். பல தடவை. நான்தான் அதைக் கதையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் விரலுக்கு வந்தார். "மெஷின் எங்கடா தின்னுச்சு? அது எமரி. ஷாஃப்ட் சுத்தறப்போ எமரித் துணியை விரல்ல சுத்திப் புடிச்சுப் பாலிஷ் போட்டேன். அப்படிச் சுத்திப் புடிக்கக் கூடாது, ரெண்டு முனையையும் தனித்தனியாப் புடிக்கோணும்னு அதுக்கு முன்னாடியே நாலு பசங்களுக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கறேன். அன்னிக்கு அவசரம். என் தப்பு. மெஷின் என்ன பண்ணும், சுத்தறதுதானே அதோட வேலை." இதைச் சொல்லும்போது அவர் குரலில் துக்கமே இல்லை, ஒரு சின்ன வெட்கம் மட்டும் இருந்தது, கைதேர்ந்தவன் செய்யக் கூடாத தப்பைச் செய்துவிட்ட வெட்கம். என் கட்டுரையில் அவர் ஒரு பாவப்பட்ட மனிதர். பாவப்பட்ட மனிதருக்குத் தப்புச் செய்ய உரிமை கிடையாது. எல்லாம் அவருக்கு நடக்கத்தான் வேண்டும்.

"கனவைத் தின்னுச்சுன்னு போட்டிருக்கறயே, எனக்கு என்ன கனவு இருந்துச்சு? உனக்குத் தெரியுமா?"

தெரியாது. எழுதும்போது அந்தக் கேள்வியே எனக்கு எழவில்லை. என்னப்பா இருந்தது என்று கேட்டேன். அவர் எண்ணெய் டப்பாவை மூடினார். "ஒரு சிலிண்டிரிகல் கிரைண்டிங் மெஷின் வாங்கோணும். ஷாஃப்டைக் கடைஞ்சு கிரைண்டிங்குக்கு வெளிய அனுப்பறோம் பாரு, அதுலதான் காசு போகுது. இருந்துச்சு என்ன, இப்பவும் இருக்குது" என்றார். ஷட்டரை இழுத்தோம். வீட்டுக்கு வண்டியில் போகும்போது வேறு ஏதோ பேசினார்.

எமரி இல்லாமல், துரு இல்லாமல்

மறுநாள் மொத்தத்தையும் அழித்துவிட்டு வேறு எழுதினேன். ஒரே ஒரு ராத்திரியைப் பற்றி. நாற்பது ஷாஃப்ட் கடைந்து முடித்துப் பார்த்தால், எல்லாம் ஒரு முனையில் நாற்பது மைக்ரான் பருத்திருந்தன. பாலிடெக்னிக்கில் படித்த திமிரில் நான் டூல் தேய்ந்துவிட்டது என்றேன். டூலை மாற்றினோம், அதேதான். அப்பா ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டுக் கம்பியை இரண்டு சென்டருக்கு நடுவில் மாட்டி, மெல்லிசாக ஒரு வெட்டு விட்டு, மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்து இரண்டு முனையையும் அளக்கச் சொன்னார். டேப்பர். கம்பியின் கடைசி முனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் மயிரிழை விலகி நின்றிருந்தது. ஸ்குரூவைத் திருகி, வெட்டி, அளந்து, மறுபடி திருகி, விடியற்காலை இரண்டு மணிக்கு அது நேரானது. நாற்பதில் ஒன்பது ஷாஃப்ட் தேறவில்லை. அந்தக் காசு எங்களுடையது. கட்டுரை அங்கேயே முடிந்தது. நான் எதிர்காலத்தில் என்ன சாதிப்பேன் என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

ஆலோசகர் படித்துவிட்டு, "டெக்னிக்கலா இருக்கு. எமோஷன் எங்கே? பழசையே அனுப்புங்க" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு அறையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு எத்தனையோ விண்ணப்பங்களைப் படிக்கிறவருக்கு டெயில் ஸ்டாக் என்றால் என்னவென்று தெரியுமா? விரல் போனது என்றால் உடனே புரியும். அது நியாயமான வாதம். இன்றைக்கும் என்னிடம் அதற்குச் சரியான பதில் இல்லை. நான் புதிதைத்தான் அனுப்பினேன். நேர்மை என்பதால் இல்லை. பழையதை அனுப்பினால் அடுத்த நாள் பட்டறையில் போய் அவர் பக்கத்தில் நிற்கவேண்டுமே, அதுதான்.

எட்டு இடத்தில் ஏழு இல்லை என்றன. பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் கல்லூரி எடுத்துக்கொண்டது, ஏறத்தாழ முழுப் பணத்தோடு. துரு வைத்து அனுப்பியிருந்தால் மூன்று கிடைத்திருக்குமோ, அல்லது இந்த ஒன்றும் போயிருக்குமோ, தெரிந்துகொள்ள வழியே இல்லை. கையால் எழுதிய ஒரு குறிப்பு சேர்க்கைக் கடிதத்தோடு வந்தது. அதில் ஒன்பது ஷாஃப்டைப் பற்றி ஒரு வரி இருந்தது என்பது மட்டும் உண்மை. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஏழு பேர் அதே ஒன்பது ஷாஃப்டைப் படித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள்.

அதற்குப் பிறகு வழக்கமான ஓட்டம்தான். வருமானச் சான்றிதழ், வருமான வரித் தாக்கல், பட்டறை மெஷின்களின் மதிப்பு என்று உதவித்தொகைப் படிவம் கேட்டதற்கெல்லாம் ஆடிட்டர் அண்ணன் இலவசமாக உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார். மாணவர் விசாவுக்கு முன் கட்டவேண்டிய செவிஸ் கட்டணம் நான் கட்டும்போது 200 டாலர். ஜூன் கடைசியில் அதை 350 ஆக்கினார்கள், அந்த மட்டில் தப்பித்தேன். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். பிசினஸ் என்று சொல்லு என்று எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். லேத் ஓட்டுகிறார் என்றேன். என்ன லேத் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என் ரூம் மேட் நேபாளப் பையன். முதல் குளிர்காலத்தில் ஒரு ராத்திரி இந்தக் கதையைச் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தேன் என்று அவன் எழுதியிருந்தானாம். "கரண்ட் இல்லாத ஊரா?" என்றேன். "காத்மாண்டு. லோட் ஷெடிங். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது" என்றான். அவன் என்னைவிட நன்றாகப் படித்தான், இப்போது நல்ல வேலையில் இருக்கிறான், அந்த மெழுகுவர்த்தி யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் அவனுடைய அக்கா அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாரம் பேசவில்லையாம். "அந்த இன்வெர்ட்டரை வாங்கியதே அவள்தான்" என்றான். அப்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை.

சேர்ந்த முதல் வாரமே கல்லூரியின் மெஷின் ஷாப்பைத் தேடிப் போனேன். மூலையில் ஒரு பழைய சவுத் பெண்ட் லேத். அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன், அங்கே ராத்திரி. எல்லாம் இஞ்ச் கணக்கு, மில்லிமீட்டரே கிடையாது என்றதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நூல் கணக்காடா? எங்க மேஸ்திரி காலத்துல அப்படித்தான். எட்டு நூல் ஒரு இஞ்ச். நீ பாஸாயிருவே போ" என்றார். அப்புறம் கேமராவை பெட் பக்கம் காட்டச் சொன்னார். இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட. கோடை விடுமுறை மூன்று மாதம் யாரும் தொடவில்லை போல. ஈரக் காற்று வேறு. டெயில் ஸ்டாக் பக்கம் வழி நெடுக ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகப் பூத்திருந்தது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அங்க எண்ணெய் கிடைக்குமாடா?" என்றார்.

திருப்பூர்த் தம்பி

இதெல்லாம் மூன்று நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததே ஒழிய, பதிலாக எதுவும் வரவில்லை. என் காலத்தைவிட அவனுக்குப் பாரம் அதிகம். விசாவுக்கு சமூக ஊடகக் கணக்கை எல்லாம் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். டிப்ளமோவின் கதையை விளக்க எனக்குக் கூடுதல் தகவல் பகுதியில் 650 வார்த்தை இருந்தது, இப்போது 300. இந்த நிலைமையில், வேலை செய்கிற மாதிரித் தெரிகிற ஒரு வரியை எடுத்துவிடு என்று சொல்ல நான் யார்? அவன் போகவில்லை என்றால் பொறுப்பு யாருடையது?

கடைசியில் ஒரே ஒரு கேள்வி மட்டும் அனுப்பினேன். "அப்பா சாயப்பட்டறையில சரியா என்ன வேலை பண்றார் தம்பி?"

ராத்திரி பதினொரு நிமிட வாய்ஸ் மெசேஜ் வந்தது. எழுத்தில் அவ்வளவு அடக்கமாக இருந்த பையன், பேச்சில் மூச்சு விடாமல் கொட்டியிருந்தான். அப்பா லேப் டிப் எடுக்கிறவர். துணி வாங்குகிற பையர் ஒரு சின்னத் துணித் துண்டு அனுப்புவார்கள். அந்த நிறத்தை அப்படியே கொண்டுவரவேண்டும். கிராம் கணக்கில் சாயத்தை நிறுத்து, சின்னச் சின்னக் குடுவையில் போட்டு ஓட்டிப் பார்த்து, லைட் பாக்ஸில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கடை லைட்டில் பொருந்தும் நிறம் பகல் வெளிச்சத்துக்கு மாற்றினால் ஓடிப்போய்விடும். அளக்கிற மெஷின் இருக்கிறது, ஆனால் அது நம்பர் காட்டுவதற்கு முன்னாலேயே அப்பா, நீலம் ஒரு துளி கம்மி என்று சொல்லிவிடுவாராம். ஒருமுறை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, பெயிண்ட் கடைக்காரர் கலந்து கொடுத்த பச்சையை மூன்று தடவை திருப்பி அனுப்பினாராம். அம்மா திட்டினாளாம்.

நடுவில் ஒரு இடத்தில் போகிறபோக்கில் சொன்னான்: "கையில சாயமே படாதுங்கண்ணா அவருக்கு. படவும் கூடாது. கை சாயமா இருந்தா சாம்பிள் துணியைத் தொட முடியாதுல்ல. எங்க வீட்டுலயே அவரு கைதான் சுத்தமா இருக்கும்."

நான் உடனே கூப்பிட்டேன். "அப்ப அந்த முதல் வரி?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"அது... சும்மா ஒரு இதுக்குங்கண்ணா" என்றான்.